பெயர் பெற்ற பறவைகள்: நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவைப் படமெடுப்பின் வரலாறு

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், 59ஆம் தெருவுக்கும் 110ஆம் தெருவுக்கும் நடுவே 843 ஏக்கரில் அமைந்திருக்கிறது சென்ட்ரல் பூங்கா. அதில் இன்று காணும் ஏரியும் குளங்களும் மனிதர் வெட்டி, கரை கட்டி, நிரப்பியவை. ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்ற இருவர் 1858இல் போட்டிக்கு அளித்த வரைபடம் தேர்வாகி, அதன்படி பூங்கா எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த நிலத்தில் குடியிருந்தவர்களை நகர நிர்வாகம் வெளியேற்றியிருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த செனெகா கிராமமும் அப்படித்தான் அழிந்தது. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் உருவான ஏரி 1858 டிசம்பரிலேயே உறைந்த நீரில் சறுக்கி விளையாட வந்தவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் வடகரையில், காடு போலத் தோன்றும்படி திட்டமிட்டு நட்ட மரச்செறிவுக்கு ‘ராம்பிள்’ என்று பெயர். இந்த ஏரியும் ராம்பிளும் சேர்ந்த பகுதிதான் பின்னாளில் உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பறவை இடங்களுள் ஒன்றாயிற்று.

இதற்கு முதற்காரணம் இடத்தின் இருப்பு. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்கும் போய்வரும் பறவைகளின் வலசைப் பாதையில் மன்ஹாட்டன் இருக்கிறது. சிறு பறவைகள் இரவில் பறக்கின்றன. விடியும்போது களைத்துப்போய் இறங்க இடம் தேடினால், கீழே கல்லும் கண்ணாடியுமாகப் பரந்த நகரத்தின் நடுவில் பச்சையாகத் தெரிவது இந்த ஒரு நீள்சதுரம். காடு நிறைந்த நாட்டுப்புறத்தில் சிதறி இறங்கியிருக்கும் பறவைகள் இங்கே ஒரே இடத்தில் குவிகின்றன. இதுவரை 270க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றுள் சில தமிழர்களுக்கும் பழக்கமானவை. குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்கு வரும் தட்டைவாயன் வாத்தும், நம் ஏரிக்கரை மரங்களில் பகலெல்லாம் கூனிக்கிடக்கும் வக்கா என்ற இராக்கொக்கும் சென்ட்ரல் பூங்கா ஏரியிலும் உண்டு, இனம்கூட மாறவில்லை.

தொடக்கத்தில் பூங்காவைக் கட்டியவர்கள் தாமாக வரும் பறவைகளை நம்பியிருக்கவில்லை. ஏரிக்கு அழகு சேர்க்க 1860இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் அன்னங்களை அன்பளிப்பாக அனுப்பியது. 1890இல் யூஜின் ஷீஃபலின் என்ற மருந்து வணிகர் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளில் 60ஐயும், மறு ஆண்டு இன்னும் 40ஐயும் பூங்காவில் திறந்துவிட்டார். நம் மைனாவின் உறவான அந்தப் பறவை பின்னர் கண்டம் முழுவதும் பெருகியது. ஷேக்ஸ்பியர் குறிப்பிட்ட பறவைகளை எல்லாம் அமெரிக்காவில் குடியேற்றத்தான் அவர் இதைச் செய்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பறவையைக் கொண்டுவந்து விடுவது அன்று நாகரிகமான பொழுதுபோக்காக இருந்தது என்பது உண்மை.

பறவையை அறிவது என்றால் சுட்டு வீழ்த்தி, பாடம் செய்து, பெட்டியில் அடுக்குவது என்றே 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் நினைத்தார்கள். ஏரியின் மேற்குப் பக்கம், தெருவைத் தாண்டினால் வருவது அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1869இல் நிறுவப்பட்ட அது, தொடக்க ஆண்டுகளில் பூங்காவுக்குள்ளேயே இருந்த பழைய ஆயுதக் கிடங்கில்தான் இயங்கியது. அதன் இழுப்பறைகளில் ஆயிரக்கணக்கான பறவைத் தோல்கள் குவிந்தன. அறிஞர்களைவிடப் பல மடங்கு கொன்றவர்கள் தொப்பி வணிகர்கள். ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் 1886இல் மன்ஹாட்டன் கடைத்தெருக்களில் இரண்டு முறை நடந்து, எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகோ முழுப் பறவையோ செருகியிருந்தது. அவற்றில் 40 இனங்களை அவர் அடையாளம் கண்டார். தொப்பியில் குத்தியிருப்பதைக் கொண்டு பறவைப் பட்டியல் போட்டது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்றைய நிலைமையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கெடுப்பு வேறில்லை. வங்கி வேலையை விட்ட சாப்மன் 1888இல் அந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்தார்.

கேமரா பறவையிடம் வந்துசேர்ந்ததும் துப்பாக்கி வடிவத்தில்தான். பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென் ஜூல் மாரே 1882இல் ஒரு ‘ஒளிப்படத் துப்பாக்கி’ செய்தார். தோளில் கட்டையை அணைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால், வினாடிக்குப் பன்னிரண்டு படம் பதிவாகும். பறக்கும் பறவையின் சிறகு எப்படி அசைகிறது என்று ஆராய்வதே அவர் நோக்கம். இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்தார்கள். 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல், காட்டிலேயே எடுத்த ஒளிப்படங்களை மட்டும் கொண்டு அமைந்த முதல் பறவைநூல்களில் ஒன்று. மாட்டுத் தோலுக்குள் புகுந்து மேயும் மாடாக நடித்துப் படமெடுத்தவர்களும் அவர்கள்தான். 1900இல் சாப்மன், கேமராவைக் கொண்டு பறவைகளை ஆராயும் முறையை விளக்கித் தனி நூலே எழுதினார். துப்பாக்கி தரும் வேட்டை மகிழ்ச்சியைக் கேமராவும் தரும், பறவையும் பிழைக்கும் என்பது அவர் காலத்தவர் முன்வைத்த வாதம். ஜார்ஜ் ஷிராஸ் என்ற முன்னாள் வேட்டைக்காரர் இரவில் ஃப்ளாஷ் ஒளியில் எடுத்த விலங்குப் படங்களை ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இதழ் படப்புத்தகமாகிவிட்டது என்று குறைகூறி ஆட்சிக்குழுவினர் இருவர் பதவி விலகினார்கள்.

ஆயினும் அன்றைய கேமராவுக்குச் சென்ட்ரல் பூங்கா தோதான இடமாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் ஒளியுணர்வு குறைவு. பெட்டி கனமானது, தூரத்தை இழுக்கும் லென்ஸ் அரிது. ஆகவே பறவை தவறாமல் திரும்பிவரும் இடத்தில், அதாவது கூட்டருகில், கேமராவை முன்கூட்டியே நிறுத்திக் காத்திருப்பதே அக்கால உத்தி. முற்காலப் பறவைப் படங்களில் பல கூடும் குஞ்சுமாக இருப்பதற்கு இதுதான் காரணம். தாய்மையின் மேல் தனி ஈடுபாடு ஒன்றுமில்லை. சென்ட்ரல் பூங்காவுக்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவை கூடு கட்டுவதில்லை. ஓரிரு நாள் தங்கிப் பசியாறிப் போய்விடுகின்றன. அந்தக் காலத்துக் கருவிக்கு வழிப்போக்கர் சிக்கவில்லை.

எனவே இங்கே துப்பாக்கியின் இடத்தை முதலில் பிடித்தது பைனாகுலர். 1900 கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடாமல் எண்ணுவோம் என்று சாப்மன் தம் ‘பேர்ட் லோர்’ இதழ் வழியே அழைப்பு விடுத்தார். 25 இடங்களில் நடந்த அந்த முதல் கணக்கெடுப்பில் சென்ட்ரல் பூங்காவும் ஒன்று. அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. சட்டமும் கூடவே வந்தது. நியூயார்க் மாநிலம் 1910இல் காட்டுப் பறவை இறகு விற்பனைக்குத் தடை போட்டது. 1918இல் வலசைப் பறவைகளுக்கு நாடு தழுவிய பாதுகாப்புச் சட்டம் அமைந்தது. நியூயார்க்கில் பிறந்த லட்லோ கிரிஸ்கம், கையில் பிடிக்காமலே பறவையின் இனத்தைச் சொல்ல முடியும் என்று நிறுவியவர். நகரச் சுற்றுவட்டாரப் பறவைகள் பற்றிய அவரது நூல் 1923இல் வந்தது. அவர் வழியைப் பின்பற்றிய இளைஞர் கூட்டத்தோடு பழகிய ஓவிய மாணவர் ரோஜர் டோரி பீட்டர்சன், 1934இல் கள வழிகாட்டி நூலை வெளியிட்டார். அதற்குள் இருந்தவை ஓவியங்கள், ஒளிப்படமல்ல. ஓவியத்தில் இனத்தின் பொது அடையாளங்களை மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்ட முடியும். ஒளிப்படத்தில் விழுவதோ ஒரே ஒரு பறவை, அதுவும் அந்த நொடியின் வெளிச்சத்தில். இந்த வேறுபாடு பின்னால் பெரிதாகப் போகிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்ணப் பிலிமும் 35 மி.மீ. கேமராவும் பரவின. 1959இல் வந்த நிக்கான் எஃப் போன்ற கருவிகளில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்கலாம். இருந்தும் நல்ல வண்ணம் தந்த கோடாக்ரோம் பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ராம்பிளின் இலைநிழலில் ஓயாமல் தாவும் சிறு பாடும் பறவைகளை அதில் பிடிப்பது கடினம். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. ஏரியின் திறந்த நீரில் மிதக்கும் வாத்துகளும் கரையில் அசையாமல் நிற்கும் கொக்குகளும்தான் அந்நாளைய படக்காரருக்குக் கைகொடுத்தன. பெரும்பாலான பறவை நோக்கர்கள் கேமராவைச் சுமக்கவே இல்லை.

அவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள் என்றாலும் குரல் சிறியதல்ல. 1955இல் பூங்காத் துறையின் தலைவராயிருந்த ராபர்ட் மோசஸ், ராம்பிளில் முதியோருக்கான மனமகிழ் மன்றம் கட்டத் திட்டமிட்டார். நகரில் நினைத்ததைக் கட்டி முடிப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். பறவை நோக்கர்கள் எதிர்த்து நின்றார்கள். மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. ராம்பிள் தப்பியிராவிட்டால் இந்த வரலாறு இங்கேயே முடிந்திருக்கும்.

1970களில் நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபோது பூங்காவும் சீரழிந்தது. புல்வெளி புழுதியாயிற்று, ஏரி வண்டல் ஏறிக் கலங்கியது. 1980இல் தனியார் நன்கொடையுடன் தோன்றிய சென்ட்ரல் பூங்கா பராமரிப்பு அமைப்பு சிறுகச் சிறுக அதை மீட்டது. அந்தக் காலத்தில் ஏரியோரப் படகுத்துறைக் கட்டடத்தில் ஒரு குறிப்பேடு இருந்தது. காலையில் எதைக் கண்டாலும் நோக்கர்கள் அதில் எழுதி வைப்பார்கள். எங்கே எந்தப் பறவை என்ற செய்தி, வந்து புரட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். பின்னாளில் எழுந்த சச்சரவுகளை எண்ணும்போது, அந்தக் குறிப்பேட்டின் மெதுவான வேகமே ஒரு பாதுகாப்பாக இருந்தது என்று தோன்றுகிறது.

படமெடுப்பின் திருப்பம் 1991இல் வந்த ஒரு பருந்தால் நிகழ்ந்தது. வழக்கத்தைவிட வெளிறிய தலை கொண்ட அந்தச் செவ்வால் பருந்துக்கு நோக்கர்கள் ‘பேல் மேல்’ என்று பெயரிட்டார்கள். வெளிறிய ஆண் என்று பொருள். பூங்காவின் கிழக்கெல்லையில், ஃபிஃப்த் அவென்யூ 927ஆம் எண் மாளிகையின் மேல்மாடி விளிம்பில் 1993இலிருந்து அது கூடு கட்டியது. செல்வந்தர்கள் வாழும் அந்தக் கட்டடத்துக்கு எதிரே, பொம்மைப் படகு விடும் குளத்தங்கரையில் பெஞ்சுகள் இருந்தன. டெலி லென்ஸும் தொலைநோக்கியும் முக்காலியில் ஏறி அங்கே நிரந்தரமாயின. முற்காலப் படக்காரருக்கு வேண்டியிருந்த வசதி, பறவை தவறாமல் திரும்பிவரும் ஒரு கூடு, இப்போது நகரின் நடுவிலேயே கிடைத்தது. 1995இல் குஞ்சுகள் பறந்தன. மேரி வின் எழுதிய நூல் 1998இல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபிரடெரிக் லிலியன் ஆவணப்படம் எடுத்தார்.

2004 டிசம்பர் 7இல் மாளிகை நிர்வாகம் கூட்டையும், அதைத் தாங்கிப் பிடித்திருந்த புறாத் தடுப்பு முட்களையும் அகற்றியது. தெருவில் போராட்டம் வெடித்தது. அதே கட்டடத்தில் குடியிருந்த நடிகை மேரி டைலர் மூரும் போராடியவர்களோடு சேர்ந்தார். பத்தாண்டுக் காலமாக எடுக்கப்பட்ட படங்களால் நகரத்தாருக்கு அந்தப் பருந்து முகம் தெரிந்த அண்டைவீட்டுக்காரராகியிருந்தது. இரண்டு வாரம் கழித்து, கூட்டைத் தாங்கும் சட்டகம் அதே விளிம்பில் பொருத்தப்பட்டது. 1886இல் 542 தொப்பிகளில் இருந்த பறவைகளுக்காக ஒரு தெருவும் கொந்தளிக்கவில்லை; 2004இல் ஒரு கூட்டுக்காகக் கொந்தளித்தது. மனிதர் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள் என்பதல்ல. இனம் என்று எண்ணப்பட்டது ஆளாகத் தெரியத் தொடங்கியது. அதைச் செய்தது டெலி லென்ஸ். பேல் மேல் 2023 மே மாதம் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. செவ்வால் பருந்து 33 வயதுவரை வாழ்ந்திருக்க முடியுமா என்று ஐயுறுவோரும் உண்டு.

2003இல் ஆயிரம் டாலருக்குக் குறைவான விலையில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா சந்தைக்கு வந்தது. பிலிம் செலவு போயிற்று; ஒரே காலையில் ஆயிரம் படமெடுக்கலாம், கெட்டதை அழித்துவிடலாம். ஒளியுணர்வை உயர்த்திக்கொள்ள முடிந்ததால் ராம்பிளின் நிழலும் திறந்துகொண்டது. 2020 வாக்கில் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியம் வைக்கும் கேமராக்கள் வந்தன. நூறாண்டுக்கு முன் சிக்காத வழிப்போக்கர்கள் இப்போது இறகின் நுனிவரை துல்லியமாக விழுந்தார்கள்.

ஏரியின் ஆண்டுச் சுழற்சியும் படக்காரரின் நாள்காட்டியும் ஒன்றாயின. குளிர்காலத்தில் தட்டைவாயன்கள் கூட்டமாக வட்டமிட்டு நீந்தி, நீரைக் கலக்கி, அகன்ற அலகால் வடித்து உண்ணும். மே முதல் பாதியில் வண்ண வண்ணமான சிறு பாடும் பறவைகள் வரும். கோடையில் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் மீன் பிடிக்கும். பறவைகள் மட்டுமல்ல: வளர்த்துச் சலித்தவர்கள் கொண்டுவந்து விட்ட செங்காது ஆமைகள் பாறைகளில் வரிசையாக வெயில் காயும், ரக்கூன்கள் குப்பைத் தொட்டிகளைக் கிளறும். 2010 பிப்ரவரியில் பூங்காவின் தென்கோடிக் குளம் உறைந்திருந்தபோது அந்தப் பனிக்கட்டிமேல் ஒரு கயோட்டி ஓநாய் நின்றது படமாகியுள்ளது. கண்ணுக்கு எளிதில் படாதவையும் உண்டு. இங்கே உதிர்ந்த இலைக்குவியலில் கிடைத்த ஒரு பூரான், அறிவியலுக்கே புதியது என்று 2002இல் பெயர் பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். டெலி லென்ஸ்காரர்கள் யாரும் அதற்காக வரவில்லை.

2018 அக்டோபரில் அதே தென்கோடிக் குளத்தில் ஒரு மாண்டரின் வாத்து தோன்றியது. கிழக்கு ஆசியாவுக்குரிய அந்தப் பறவையின் காலில் வளையம் இருந்தது. யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்க வேண்டும். அறிவியலுக்கு அதில் மதிப்பு ஏதுமில்லை. ஆனால் ‘மன்ஹாட்டன் பேர்ட் அலர்ட்’ என்ற ட்விட்டர் கணக்கு வழியே பரவிய அதன் படம் உலகச் செய்தியாகி, கைபேசியோடு கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். படகுத்துறைக் குறிப்பேடு சில டஜன் பேருக்கு ஒரு நாளில் சொன்னதை இந்தக் கணக்கு ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு நிமிடத்தில் சொன்னது. 2020இல் பெருந்தொற்று மற்றப் பொழுதுபோக்குகளை மூடியபோது கேமராவோடு வருவோர் மேலும் பெருகினர். அந்த மே மாதம் ராம்பிளில், நாயைக் கயிற்றில் கட்டச் சொன்ன கறுப்பினப் பறவை நோக்கர் கிறிஸ்டியன் கூப்பர் மீது ஒரு பெண் காவல்துறைக்குப் பொய்ப் புகார் சொன்னார். கூப்பர் கைபேசியில் பதிந்த காட்சி நாட்டையே உலுக்கியது. அந்தக் காட்டில் படமெடுக்கவும் பறவை பார்க்கவும் யாரால் அச்சமின்றி நடக்க முடிகிறது என்ற கேள்வி அதன்பின் வெளிப்படையாகப் பேசப்பட்டது.

படங்களின் பெருக்கம் அதிகம் தொட்டது ஆந்தைகளைத்தான். ஆந்தை பகலில் ஒரே கிளையில் உறங்கும். இடம் தெரிந்தால் எவரும் எடுத்துவிடலாம். 2020 அக்டோபரில் வந்த பட்டை ஆந்தை ஒன்றுக்கு ‘பாரி’ என்று பெயர் வைத்தார்கள். 2021 ஜனவரியில் பூங்காவின் பந்து விளையாட்டுத் திடலில் பனி ஆந்தை இறங்கியது. அதற்கு முன் அந்த இனம் அங்கே பதிவானது 1890இல். ஆந்தைகள் இருக்குமிடத்தை உடனுக்குடன் வெளியிடுவதும், ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைப்பதும் சரியா என்று நோக்கர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டனர். நகரத்தில் மறைக்க என்ன இருக்கிறது, எல்லோரும் பார்க்கட்டும் என்றது ஓர் அணி. உறங்கும் பறவைக்கு நூறு பேர் சூழ்வது தொல்லை என்றது மற்றது. இரண்டாவது அணியின் கவலையே வலுவானது. ஆனால் சாவு வந்த வழி வேறு. 2021 ஆகஸ்டில் பாரி பூங்காவின் பராமரிப்பு வண்டி ஒன்றில் மோதி இறந்தது. உடற்கூறாய்வில் உயிர் போக்கும் அளவில் எலி மருந்து அதன் உடலில் இருந்தது தெரியவந்தது.

இரண்டாண்டில் அதே கதை பெரிய அளவில் நடந்தது. 2023 பிப்ரவரி 2 இரவு, பூங்காவுக்குள் உள்ள விலங்குக் காட்சிசாலையில் யாரோ கம்பிவலையை வெட்ட, ‘ஃப்ளாக்கோ’ என்ற யுரேசியக் கழுகாந்தை வெளியேறியது. நம் கொம்பன் ஆந்தையின் நெருங்கிய உறவு அது. வாழ்நாளெல்லாம் கூண்டில் இருந்த பறவை பட்டினி கிடந்து சாகும் என்று அஞ்சினார்கள். அது சில நாள்களிலேயே எலி பிடிக்கக் கற்றுக்கொண்டதற்குச் சான்று, படக்காரர்கள் தினமும் எடுத்த படங்கள்தாம். ஓராண்டு சுதந்திரமாகத் திரிந்து, 2024 பிப்ரவரி 23இல் ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து இறந்தது. உடலில் புறாக்களிடமிருந்து தொற்றிய கடும் வைரஸ் நோயும், நான்கு வகை எலி மருந்தும் இருந்தன.

ஃப்ளாக்கோவின் படங்களையும், அது விரும்பி அமர்ந்த ஓக் மரத்தடியில் மக்கள் விட்டுச்சென்ற கடிதங்களையும் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் 2025இல் கண்காட்சியாக வைத்தது. பறவைகள் மோதாத கட்டடங்களுக்கான மாநிலச் சட்ட முன்வரைவு ஃப்ளாக்கோ பெயருக்கு மாற்றப்பட்டது. 2024 செப்டம்பரில் நகர மன்றம், எலிகளை நஞ்சு வைத்துக் கொல்வதற்குப் பதில் கருத்தடைத் தீனி கொடுத்துக் குறைக்கும் சோதனைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. அதையும் ஃப்ளாக்கோ சட்டம் என்றே அழைக்கிறார்கள்.